மேல்மண்

அனுவின் தலையணையை எடுத்து உதறியபோது சிவப்பாகத் தூசி பறந்தது.

சித்ராதேவி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆடி மாதம். ஸ்ரீரங்கத்தில் ஆடிக்காற்று கிளம்பிவிட்டால் ஆற்று மணலை வாரிக்கொண்டு வந்து நாலாவது மாடி வரை கொட்டிவிட்டுத்தான் ஓயும். காலையில் துடைத்த மேஜையில் மத்தியானம் விரலால் கோலம் போடலாம். ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் மண். அந்த வீட்டுக்குக் குடிவந்த நாளாக அவளுக்கும் காற்றுக்கும் நடக்கிற சண்டை இது; ஒருநாளும் அவள் ஜெயித்ததில்லை.

உறையைக் கழற்றி அழுக்குத் துணியோடு போடப் போனவள் நின்றாள். ஆற்று மணல் வெளுப்பாக இருக்கும். விரலால் தேய்த்தால் நறநறக்கும். இது நறநறக்கவில்லை. மாவு போல ஒட்டிக்கொண்டு ரேகைகளுக்குள் ஏறியது. மூக்கருகே கொண்டுபோனாள். மழையில் நனைந்து காய்ந்த இரும்புக் கதவின் வாடை. இந்த மண்ணை அவளுக்கு நன்றாகத் தெரியும். கல்யாணமானதிலிருந்து இதைத்தானே துவைத்துக்கொண்டிருக்கிறாள்.

அவள் கணவன் ராஜ்மோகன் துறையூருக்கு அப்பால் ஒரு மலைமேல், பாக்சைட் வெட்டுகிற கம்பெனியில் எஞ்சினியர். அலுமினியம் எடுக்கிற மண் அதுதான். லீவு கிடைத்தால் ஊருக்கு வருவான். வரும்போது சட்டைக் காலரில், காதுமடலில், ஷூவின் தையலில் மலையையும் கொஞ்சம் கொண்டுவருவான். அவன் துணிக்கென்று தனி வாளி உண்டு. அந்த வாளியின் அடி சிவந்துபோய் எத்தனையோ காலம் ஆகிறது. ஆனால் ராஜ்மோகன் வீட்டுக்கு வந்தே ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. புது இடத்தில் வெட்டு ஆரம்பிக்கிறார்கள், இப்போதைக்கு அசைய முடியாது என்று சொல்லியிருந்தான்.

அனு ஸ்கூலுக்குப் போயிருந்தாள். இரண்டாம் வகுப்பு. சித்ரா அவள் கட்டிலைத் தவிர வீட்டின் மற்ற இடங்களையெல்லாம் போய்த் தடவிப் பார்த்தாள். எங்கும் வெள்ளை மணல்தான். புது விரிப்பு போட்டு, கட்டிலைச் சுற்றித் துடைத்து, ஜன்னலை இறுக்கச் சாத்தினாள். மறுநாள் காலையில் பிள்ளையை எழுப்பித் தூக்கியபோது விரிப்பில் அனுவின் உருவம் அப்படியே கிடந்தது. தலை, தோள், மடக்கிய முழங்கால். எல்லாம் மெல்லிய சிவப்புத் தூளில்.

அன்றைக்குத் தலை வார உட்கார்ந்தபோது சீப்பில் முடி வந்தது. முடி கொட்டுவது யாருக்கும் நடப்பதுதான். சித்ராவின் முடியிலேயே பாதி பாத்ரூம் சல்லடையில்தான் இருக்கிறது. ஆனால் இது கொட்டவில்லை. கொத்தாக, வேரோடு வந்தது. கோரைப் புல்லைப் பிடுங்கினால் அடியில் மண் ஒட்டிக்கொண்டு வருமே, அதுபோல ஒவ்வொரு முடியின் அடியிலும் ஒரு பொட்டு சிவப்பு இருந்தது.

"வலிக்குதாடி?"

"இல்லம்மா. அவங்க மெதுவாத்தான் புடுங்கறாங்க."

"யாரு?"

அனு தோளைக் குலுக்கிவிட்டு, மடியில் இருந்த கதைப் புத்தகத்தின் பக்கத்தைத் திருப்பினாள். கேட்டதற்கு பதில் சொல்லிவிட்ட நிம்மதி அந்த முகத்தில் இருந்தது.

மன்னார்புரத்தில் டாக்டர் ஹபீபுல்லா அனு பிறந்ததிலிருந்து அவளைப் பார்க்கிறவர். பிள்ளைகளைச் சிரிக்க வைத்துக்கொண்டே ஊசி போட்டுவிடுவார். நர்ஸ் அனுவை எடைமெஷினில் ஏற்றி, முள்ளைப் பார்த்து, இறக்கி, மெஷினை ஒரு தட்டுத் தட்டி மறுபடி ஏற்றினாள். "ரிப்பேர் போல இருக்கு டாக்டர்," என்றாள். "நானே பாத்துக்கறேன், குடுங்க," என்று டாக்டர் அனுவை இடுப்பில் பிடித்துத் தூக்கினார். நிறைகுடம் என்று நினைத்துக் காலிக்குடத்தைத் தூக்கியவர் கை எப்படி மேலே போகுமோ அப்படிப் போயிற்று. அனு சிரித்தாள். டாக்டர் சிரிக்கவில்லை.

"நல்லா சாப்பிடுறாளாம்மா?"

"எப்பவும்விட ஜாஸ்தியா சாப்பிடுறா டாக்டர்."

"பயப்படாதீங்க. சத்துக்குறைவா இருக்கலாம். பிளட் டெஸ்ட் எடுத்துடுவோம். மாத்திரை தரேன், குடுங்க. அல்லாஹ் இருக்கான்." எழுதும்போது அவர் அனுவைப் பார்க்கவில்லை. எழுதி முடித்து உள்ளங்கைகளைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். அங்கே சிவப்பாக இரண்டு தீற்றல் விழுந்ததை சித்ரா பார்த்தாள்.

சாயங்காலம் ராஜ்மோகன் போன் செய்தான். மலையில் சிக்னல் கிடைக்கிற ஒரே பாறையில் ஏறி நின்று, காற்றோடு காற்றாகக் கத்திப் பேசுவான். முடி கொட்டுகிற விஷயத்தைச் சொன்னாள். "ஸ்கூல்ல பேன் மருந்து கீன் மருந்து போட்டிருப்பாங்க. மாத்திரை குடு, சரியாயிடும்," என்றான். பிறகு அவன் பாட்டைப் பாடினான். "இங்க பெண்டு நிமிருது சித்ரா. புது பெஞ்ச் ஆரம்பிச்சிருக்கோம்ல, மலையைப் படி படியா வெட்டி இறங்குறதுக்கு. மரத்தையெல்லாம் வெட்டியாச்சு. இந்த வாரம் பூரா புதரு, புல்லு, ஒண்ணு விடாம வேரோட புடுங்கிட்டு இருக்காங்க."

"நல்லா புடுங்குங்க," என்று சொல்லிவிட்டு போனை வைத்தாள். அதற்குமேல் அவளுக்கு அப்போது எதுவும் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை குளிப்பாட்டும்போது முதுகில் தோல் உரிந்தது. வெயிலில் ஆடினால் உரியும்தான் என்று நினைத்துக்கொண்டே சோப்புக் கையால் தடவினாள். தடவிய இடமெல்லாம் கையோடு வந்தது. துண்டு துண்டாக அல்ல, காய்ச்சிய பாலின் ஆடையை எடுப்பதுபோல ஒரே ஏடாக, கழுத்திலிருந்து இடுப்பு வரை. ரத்தம் இல்லை. அடியில் சதை ஈரமாகத் தெரியும் என்று பயந்து பயந்து பார்த்தாள். ஈரமே இல்லை. மெழுகிவிட்ட தரை போல, வறண்டு, மொழுமொழுவென்று, இளஞ்சிவப்பாக இருந்தது. தண்ணீர் விட்டால் உறிஞ்சிக்கொண்டது.

"அரிக்குதாம்மா?"

"குளுகுளுன்னு இருக்கும்மா," என்றாள் அனு.

சித்ரா பிள்ளையைத் துவட்டி, எண்ணெய் தடவி, பருத்திச் சட்டை போட்டுப் படுக்க வைத்தாள். விடியற்காலையில் எதையோ பெருக்குகிற சத்தம் கேட்டு விழித்தாள். ஈர்க்குத் துடைப்பம் தரையை உரசுகிற மாதிரி, நிதானமாக, வேலை தெரிந்த கை பெருக்குகிற சத்தம். அனுவின் அறையிலிருந்து வந்தது. அவள் எழுந்து போவதற்குள் நின்றுவிட்டது. விளக்கைப் போட்டாள். அனு குப்புறப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். சட்டை மேலே ஏறியிருந்தது. முதுகில், தோளில், பிட்டத்தில், எங்கும் பழைய தோல் இல்லை. கட்டிலின் கால்மாட்டு மூலையில் அந்தத் தோல்கள் சின்னக் குவியலாகச் சேர்த்து வைக்கப்பட்டிருந்தன. ஓரங்கள் சரியாமல் யாரோ கையால் தட்டி அணைத்து விட்டிருந்தார்கள்.

அன்று போன் வரும்வரை அவள் காத்திருக்கவில்லை. அவளே கூப்பிட்டாள். அடித்து அடித்து, மத்தியானத்துக்குமேல்தான் லைன் கிடைத்தது.

"என்ன வேலைங்க நடக்குது அங்க?"

"என்னடி, என்னைக்கும் இல்லாம வேலையைப் பத்தி விசாரிக்கற?"

"சொல்லுங்க."

"மேல்மண்ணு எடுத்தாச்சு. நேத்தோட முடிஞ்சுது. ஒரு ஓரமா குவிச்சு வச்சிருக்கோம்."

"எதுக்குக் குவிக்கறீங்க?" என்று கேட்டாள்.

"ரூல்ஸ் அப்படி. மேல்மண்ணைத் தனியா சேர்த்து வைக்கணும். எல்லாம் தோண்டி முடிச்சப்புறம் அதை மறுபடி மேல போத்தி மரம் நடணுமாம்."

"அப்படி எங்கயாவது போத்தியிருக்கீங்களா?"

காற்று இரைந்தது. "நான் பார்த்து இல்ல," என்றான் ராஜ்மோகன்.

அன்று சாயங்காலம் அவள் செய்த காரியத்தைக் கேட்டால் யாரும் சிரிப்பார்கள். வீட்டில் இருக்கிற அலுமினியத்தையெல்லாம் வெளியே எறிவது என்று கிளம்பினாள். ராஜ்மோகன் வீட்டுக்கு வரும்போதெல்லாம் சமையலறையில் நின்று, "நீ தொடுறதெல்லாம் நான் தோண்டினது," என்று கேலி பேசுவான். அந்தக் கேலி இப்போது காதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது. குக்கரை எடுத்து வாசலில் வைத்தாள். இட்லிப் பானை, பால் காய்ச்சுகிற குண்டான், குளிக்கிற மக்கு, பரண் ஏறுகிற ஏணி. சப்பாத்தி சுற்றுகிற வெள்ளித்தாள் சுருள். பிரிட்ஜுக்குள் ஐஸ் தட்டு. சீலிங் ஃபேனை நிமிர்ந்து பார்த்தாள். அதன் இறக்கையும் அதுதான். கதவின் தாழ்ப்பாள், திரைச்சீலையின் குழாய், மொட்டைமாடிக்கு வருகிற கரண்ட் கம்பி. மலையில்லாத இடமாக நிற்பதற்கு ஒரு இடம் தேடினாள். ஜன்னல்கள் அத்தனையும் அலுமினியச் சட்டம்; அதை எப்படிப் பெயர்ப்பது. அனுவுக்கு மாத்திரை தர வேண்டும் என்று நினைவு வந்து பட்டையைக் கிழித்தபோது, கையில் பளபளத்த தாளைப் பார்த்துக் கத்தியேவிட்டாள்.

எதிர்வீட்டு பேட்ரிசியா கதவைத் திறந்து எட்டிப்பார்த்தாள். தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். டியூட்டி முடிந்து வந்த யூனிஃபார்மோடு நின்றாள்.

"என்ன சித்ரா, வீடு காலி பண்றீங்களா?"

சித்ரா பேட்ரிசியாவின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப்போனாள். அனு தரையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். மொட்டைத் தலை, புருவம்கூட இல்லை. ஆனாலும் கன்னம் வற்றவில்லை, கண்ணில் சோர்வு இல்லை. "ஆன்ட்டி!" என்று எழுந்து ஓடிவந்தாள். ஓடிவருகிற காலடிச் சத்தமே இல்லை.

பேட்ரிசியா சட்டையைத் தூக்கிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

முந்தின நாள் இல்லாதது இப்போது இருந்தது. முதுகு முழுக்கச் சின்னச் சின்னத் துளைகள். ஊசி நுழைகிற அகலம். வரிசை வரிசையாக, ஒன்றுக்கொன்று ஒரே இடைவெளியில், நூல் பிடித்துக் குத்தினாற்போல. பேட்ரிசியா ஒரு துளையின் பக்கத்தில் மெதுவாக அழுத்தினாள். சிவப்புப் பொடி கொஞ்சம் வெளியே வந்து விழுந்தது.

"அம்மை இல்ல. அலர்ஜியும் இல்ல," என்றாள். குரல் இறங்கியிருந்தது. "நோயின்னா இவ்வளவு ஒழுங்கா வராது சித்ரா. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. அவங்க அப்பாவை வரச் சொல்லுங்க." சிலுவை போட்டுக்கொண்டே போய்விட்டாள். அன்றிரவு அந்த வீட்டுக் கதவில் இரண்டு தாழ்ப்பாளும் விழுகிற சத்தம் கேட்டது.

காலையில் பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுக்கப் படுக்கவைத்தார்கள். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மெஷினில் ஏதோ கோளாறு, படம் விழவில்லை, உள்ளே ஒன்றுமே தெரியவில்லை, நாளை மறுநாள் வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். காவிரிப் பாலத்தில் ஆட்டோ திரும்பி வரும்போது காற்று அடித்த அடியில் அனு ஸீட்டிலிருந்து எழும்பினாள். சித்ரா துப்பட்டாவால் பிள்ளையைத் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் ராஜ்மோகனைப் பிடித்தாள்.

"அந்த பெஞ்ச் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி என்ன பண்ணீங்க? பூஜை ஏதாவது போட்டீங்களா?"

"போட்டோமே. எப்பவும் போடுறதுதான். மலைக்கார ஆளுங்க போடலைன்னா வேலைக்கு வரமாட்டாங்க. தங்கையன்னு ஒரு பூசாரி. பொங்கல் வச்சு, எலுமிச்சம்பழம் அறுத்து, மண்ணு மேல தண்ணி தெளிச்சாரு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? இந்தத் தடவை முன்னால நின்னது நான். யாரு பேருன்னு என்கிட்ட கேட்டாரு. அர்ச்சனை பண்ணப் போறாருன்னு அனு பேரைச் சொன்னேன். அனுபமா, சித்திரை நட்சத்திரம்னு."

இதில் அவனைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? திருச்சியில் பிறந்து வளர்ந்தவன். தாயுமானவர் கோயிலோ, சமயபுரமோ, அர்ச்சனைத் தட்டோடு நிற்கும்போது பெயர் கேட்டால் எந்தத் தகப்பனும் தன் பெயரைச் சொல்லமாட்டான். பிள்ளையின் பெயரைத்தான் சொல்வான், நட்சத்திரத்தோடு. சித்ரா நின்றிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பாள். அதை நினைத்தபோதுதான் அவள் தரையில் உட்கார்ந்தாள்.

"அவர் ஒண்ணும் சொல்லலையா?"

"பொண்ணு பேரையான்னு திரும்பக் கேட்டாரு. ஆமாங்க, பொண்ணு பேரையே சொல்லுங்கன்னேன். எல்லாரும் என் முகத்தையே பார்த்தாங்க. என்னடா பாசக்கார மனுஷன்னு பாக்குறாங்கன்னு நினைச்சேன்."

"அவர்கிட்ட போனைக் குடுங்க."

தங்கையன் வருவதற்கு நேரம் ஆயிற்று. வந்தவருக்கு மூச்சு வாங்கியது. குரலில் பயமோ பதற்றமோ இல்லை. நடந்து முடிந்ததைச் சொல்கிறவர் போலப் பேசினார்.

"நாங்க உயிரோட இருக்கறவங்க பேரைச் சொல்லமாட்டோம் தாயி. மலைகிட்ட ஒண்ணு எடுத்தா, அதே மாதிரி மலையும் ஒருத்தர்கிட்ட எடுத்துக்கும். அதனால செத்தவங்க பேரைத்தான் சொல்லுவோம். எங்க அப்பன் பேரு, பாட்டன் பேரு. அவங்ககிட்ட எடுக்கறதுக்கு ஒண்ணும் இல்ல பாருங்க."

"என் பேரை மாத்திச் சொல்லுங்கய்யா. சித்ராதேவி. இப்பவே சொல்லுங்க."

"மலை ஒரு நெலத்துக்கு ஒரு தடவதான் பேரு கேக்கும். வெட்டு முடியிற வரைக்கும் அந்தப் பேருதான்."

செத்தவர்களிடம் எடுக்க ஒன்றும் இல்லை. அந்த வாக்கியம் அவளுக்குள் ஒருமுறை திரும்பி, ஓரிடத்தில் போய் நின்று, அவளைப் பார்த்தது. சித்ரா தன் கன்னத்தில் தானே அறைந்துகொண்டாள். அனு உயிரோடு இருக்கும்வரைதான் என்று தொடங்கிய நினைப்பின் மறுபாதியை அவள் நினைக்கவே இல்லை.

போனைத் திரும்ப வாங்கிய ராஜ்மோகன் சிரிக்கத்தான் செய்தான். படித்தவன், நாலு பேர் முன்னால் நிற்கிறான், சிரிக்காமல் என்ன செய்வான். சித்ரா அனுவின் முதுகைப் படம் எடுத்து அனுப்பினாள். மலையில் படம் போய்ச் சேர நேரம் பிடிக்கும். சேர்ந்தது அவளுக்குத் தெரிந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

"சித்ரா."

"ம்."

"மூணாவது வரிசையில ஒரு ஓட்டை மட்டும் தள்ளிப் போயிருக்குல்ல?"

அவள் பார்த்தாள். இருந்தது. "ஆமா."

"அங்க பாறை தட்டுச்சு. நான்தான் தள்ளிப் போடச் சொன்னேன்." அவன் குரல் பிள்ளையின் குரலாகிவிட்டிருந்தது. "அதெல்லாம் வெடிக்குழி சித்ரா. நாளைக்கு மத்தியானம் மருந்து அடைச்சு வெடி வைக்கணும்."

அவள் அனுவின் சட்டையை இறக்கி முதுகை மூடினாள்.

"நான் நிறுத்திடறேன். என் வேலையே போனாலும் சரி. நான் விடமாட்டேன்டி," என்றான். அழுதான். அவன் அழுது அவள் கேட்டதில்லை.

மறுநாள் வெயில் ஏற ஏற சித்ரா அனுவை மடியிலேயே வைத்திருந்தாள். காற்று வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தது. ஜன்னல் சட்டங்கள் தாடை நடுங்குவதுபோல் கடகடத்தன. கீழே தெருவில் எவனோ கோலமாவு விற்றுக்கொண்டு போனான். அடுத்த தெரு அம்மன் கோயிலில் நாதஸ்வரம் விட்டு விட்டுக் கேட்டது. பிள்ளையின் முதுகுத் துளைகளில் ஏதோ குளிர்ச்சியாக நிரம்பியிருந்தது. பஞ்சால் துடைத்துப் பார்த்தாள், போகவில்லை. வெடிமருந்து வாடை அடித்தது.

"எல்லாரும் தள்ளிப் போறாங்கம்மா," என்றாள் அனு.

"யாரும்மா?"

"எல்லாரும். ஓடறாங்க. ஒருத்தர் சிவப்புக் கொடி வச்சிருக்காரு."

சித்ரா பிள்ளையை இறுக்கிக்கொண்டாள். இறுக்கினால் உடைந்துவிடுமோ என்று விட்டாள். விட்டால் போய்விடுமோ என்று மறுபடி பிடித்தாள். கண்ணை மூடி எண்ணினாள். ஒன்று. இன்னும் இல்லை. இன்னும் இல்லை.

"திரும்பி வர்றாங்க," என்றாள் அனு.

போன் அடித்தது. "நிறுத்திட்டேன்," என்றான் ராஜ்மோகன். "மருந்தை வெளிய எடுக்கச் சொல்லிட்டேன். பெரிய சண்டை. மேனேஜர் வந்துட்டு இருக்காரு. பரவாயில்ல. வெடி இல்ல சித்ரா, வெடி இல்ல."

அவள் அழுத அழுகை அக்கம்பக்கத்துக்கே கேட்டிருக்கும். வெளியே கிடந்த குக்கரைத் தூக்கிக்கொண்டு வந்து சோறு வைத்தாள். தயிர் ஊற்றிப் பிசைந்து ஊட்டினாள். அனு கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். எவ்வளவு ஊட்டினாலும் இன்னும் இன்னும் என்றாள். சட்டியில் இருந்ததெல்லாம் தீர்ந்தது. பிறகு தூங்கப் போனாள். சித்ரா அறைக்கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு, வெறும் தரையில் தலைக்குக் கையை வைத்துப் படுத்தாள். பல நாள் தூக்கம் அப்படியே அவளை அமுக்கியது.

கண் விழித்தபோது அந்தி மயங்கியிருந்தது. காற்றில் எங்கோ கம்பி அறுந்து கரண்ட் போயிருந்தது. வீட்டில் ஃபேன் இல்லை, பிரிட்ஜ் இல்லை, ஒரு சத்தமும் இருந்திருக்கக் கூடாது. இருந்தது. அடியிலிருந்து, சுவருக்குள்ளிருந்து வருவதுபோல ஓர் உறுமல். நின்று நின்று வந்தது. உறுமும். உரசும். எதையோ கொட்டும். மறுபடி உறுமும்.

போன் அவள் கையிலேயே அதிர்ந்தது.

"சித்ரா, நான் துறையூர் பஸ்ல வந்துட்டு இருக்கேன்."

"வாங்க. அவ தூங்கறா. நல்லா சாப்பிட்டா."

அந்தப்பக்கம் பஸ்ஸின் இரைச்சல் மட்டும் கேட்டது. "என்னை கேட்டுக்கு வெளிய தள்ளிட்டாங்க," என்றான். "மண்ணு இளகலாத்தான் இருக்கு, வெடியே வேண்டாம்னுட்டாங்க. பொக்லைனை இறக்கிட்டாங்க."

"எப்ப?"

"நான் உனக்கு போன் பண்ணி வச்சேனே. அப்பவே. மத்தியானத்திலேருந்து ஓடுது. பாதி பெஞ்ச் எடுத்தாச்சு சித்ரா. லாரி லாரியா..."

பேச்சு அறுந்தது. சிக்னலா, அவனா, தெரியவில்லை.

அவள் எழுந்தாள். கதவு. திறந்தாள்.

அனு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். இருட்டில் அவள் உருவம் மட்டும். விரிப்பின் மேல், கட்டிலின் ஓரம், தரையில், சிவப்பு. கணுக்கால் முங்குகிற அளவு. சித்ரா அதற்குள் கால் வைத்து நடந்தாள். மண் வெதுவெதுப்பாக இருந்தது. மகளின் கையைத் தொட்டாள். தோல் இருந்தது. அதற்கு அந்தப்பக்கம் எதுவும் இல்லை.

"அம்மா," என்றாள் அனு. குரல் எங்கோ ஆழத்திலிருந்து, எதிரொலியோடு வந்தது. "தொண்டையில ஏதோ ஊருதும்மா."

உறுமல் இப்போது பக்கத்தில். மிகப் பக்கத்தில்.

"வாயத் திற கண்ணு. அம்மா பாக்கறேன்."

போன் டார்ச்சைப் போட்டாள். இடது கையால் பிள்ளையின் மோவாயைத் தாங்கினாள். அனு சொன்னபடி கேட்கிற குழந்தை. பெரிதாகத் திறந்தாள்.

பால் பற்கள். நாக்கு. நாக்குக்குப் பின்னால் உள்நாக்கு இல்லை. தொண்டை இல்லை. ஒரு படி இருந்தது. வெட்டிச் செதுக்கிய சிவப்புப் படி. அதற்குக் கீழே அகலமாக இன்னொன்று. அதற்கும் கீழே. டார்ச் எட்டுகிற வரை படிகள், எட்டாத இடத்திலும் படிகள். உள்ளிருந்து காற்று வந்தது. டீசல் வாடை. யாரோ யாரையோ பின்னால் வரச்சொல்லிக் கத்தினார்கள். பீப். பீப். பீப்.

அடியில் இரண்டு மஞ்சள் விளக்குகள். ஓரத்துப் பாதையில் வளைந்து ஏறின. அவற்றின் பின்னால் இரண்டு. அவற்றின் பின்னால் இன்னும், வரிசையாக, நிறைய.

"என்னம்மா இருக்கு?" என்று அனு கேட்டாள். உதடு அசையவில்லை.

சித்ரா மோவாயை விடவில்லை. விட முடியவில்லை. வெளிச்சம் ஏறி ஏறி வந்து அவள் உள்ளங்கையில் விழுந்தது. முதல் லாரி சுமையோடு நாக்கின் விளிம்பில் வந்து நின்று, வழிவிடச் சொல்லி ஹார்ன் அடித்தது.